துளசி, விஹார் ஏரிகளும் சுற்றியுள்ள காடும்: மும்பைத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முலுண்ட், பாண்டுப், செம்பூர், தாராவி பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களைச் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குள் நடைக்கு அழைத்துப் போகிறவர்களில் நானும் ஒருவன். வருகிறவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. பெரும்பாலும் காட்டுக்குள் இருக்கும் இரண்டு குடிநீர் ஏரிகளைப் பற்றியும், அங்கே ஏன் விடமாட்டேன் என்கிறார்கள் என்பதைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

நேஷனல் பார்க்குக்குள்ள ஏரி இருக்குன்னு சொல்றாங்களே, அது போட் ஓட்டுற இடம்தானே?

இல்லை. போரிவ்லி வாசலில் நுழைந்ததும் பெடல் படகு விடும் இடம், தஹிசர் ஆற்றைத் தேக்கி வைத்த சிறிய குட்டை. துளசி ஏரி அங்கிருந்து வெகு தூரம் உள்ளே, நடுக்காட்டில் இருக்கிறது. விஹார் அதற்குத் தெற்கே, ஆரே காலனிக்கும் பவாய்க்கும் அருகில் இருக்கிறது. இரண்டும் மும்பை மாநகராட்சியின் குடிநீர் ஏரிகள்.

பூங்கா மொத்தம் சுமார் 104 சதுர கிலோமீட்டர். மேற்கே போரிவ்லி, காந்திவலி, மலாட், கோரேகாவ். கிழக்கே பாண்டுப், முலுண்ட். வடகிழக்கே தாணேயின் யேவூர். இத்தனை ஊருக்கும் நடுவில் மலை, மலைக்கு நடுவில் ஏரி. கிழக்குப் பக்கத்து ரயிலில் தினமும் போகிறவர்கள் அந்த மலையைப் பார்த்துக்கொண்டேதான் போகிறார்கள். அதற்குப் பின்னால் தண்ணீர் இருப்பது பலருக்குத் தெரியாது.

அந்தத் தண்ணி நம்ம வீட்டுக் குழாயில வருதா?

கொஞ்சம் வருகிறது. மும்பைக்குத் தண்ணீர் கொடுப்பவை ஏழு ஏரிகள்: மேல் வைதர்ணா, மத்திய வைதர்ணா, மோடக் சாகர், தான்சா, பாட்சா, விஹார், துளசி. முதல் ஐந்தும் நகரத்துக்கு வெளியே, தாணே, பால்கர், நாசிக் மாவட்டங்களில் இருக்கின்றன. விஹாரும் துளசியும் மட்டும்தான் நகர எல்லைக்குள் உள்ளவை.

ஏழும் நிரம்பினால் மொத்தம் சுமார் 1,44,736 கோடி லிட்டர். அதில் விஹார் சுமார் 2,769 கோடி, துளசி சுமார் 804 கோடி. இரண்டையும் கூட்டினாலும் இரண்டரை சதவீதம்தான். இந்த இரண்டரையைக் கேட்டவுடன் "இவ்வளவுதானா?" என்று பலரும் உதட்டைப் பிதுக்குகிறார்கள். அதற்கான பதில் பின்னால் தனிக் கேள்வியாக வருகிறது.

காடு முதல்ல வந்துச்சா, ஏரி முதல்ல வந்துச்சா?

மலையும் மரமும் எப்போதும் இருந்தவை. ஆனால் அந்தக் காடு இன்று வரைக்கும் பிழைத்துக் கிடப்பதற்கு ஏரிதான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

1850களில் பம்பாய்க்குக் கிணறும் குளமும்தான் தண்ணீர். கோடையில் அவை வற்றும், இருப்பதும் நாறும். தோபி தலாவ், கோவாலியா டேங்க் என்று இன்று நாம் பஸ் ஏறி இறங்கும் இடங்களெல்லாம் அந்தக் காலத்துக் குளங்கள். பம்பாய்த் தீவுக்கு வெளியே, அதற்கு வடக்கே உள்ள சால்செட் தீவின் மலைகளுக்கு நடுவே மீட்டி ஆற்றின் தலைப்பகுதியில் அணை கட்டலாம் என்று ஹென்றி கோனிபேர் என்ற பொறியாளர் திட்டம் கொடுத்தார். 1856-ல் வேலை தொடங்கி 1860-ல் விஹார் ஏரி முடிந்தது. மும்பையின் முதல் குழாய்த் தண்ணீர் அதுதான். தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சுமார் 3.2 கோடி லிட்டர் கொடுத்திருக்கிறது. மக்கள்தொகை பெருகப் பெருக அது போதவில்லை. அடுத்து துளசி ஏரியைக் கட்டி 1879-ல் முடித்தார்கள். 1892-ல் தான்சா வந்தது. அதன்பிறகு நகரம் தண்ணீருக்காக வடக்கே போய்க்கொண்டே இருக்கிறது.

அணை கட்டினால் மட்டும் போதாது. மழைநீர் ஓடிவரும் சரிவு முழுவதையும் காக்க வேண்டும். அங்கே ஒருவர் மாடு கட்டினாலும் குடிசை போட்டாலும் அந்த அழுக்கு ஏரிக்கு வரும். அதனால் நீர்ப்பிடிப்புப் பகுதியில் குடியேற்றத்தைத் தடுத்து வைத்தார்கள். தேசியப் பூங்கா என்ற பெயரெல்லாம் மிகவும் பிற்பாடு வந்தது. முதலில் கிருஷ்ணகிரி, பிறகு போரிவ்லி, இப்போது சஞ்சய் காந்தி என்று பெயரும் பரப்பளவும் மாறின. சுற்றிலும் அந்தேரியும் மலாடும் பாண்டுப்பும் கட்டடமாக எழுந்தபோது நடுவில் இந்த இடம் மட்டும் தப்பியதற்கு, அது குடிநீருக்கான நிலமாக இருந்தது ஒரு பெரிய காரணம்.

அண்ணா, துளசி ஏரிக்கு ஃபேமிலியோட ஒரு பிக்னிக் போகலாமா? சோறு கட்டிட்டு வந்துர்றோம்.

முடியாது. எனக்கு யாரையாவது தெரியுமா, சொல்லி உள்ளே விடச் சொல்லலாமா என்றும் கேட்காதீர்கள். இரண்டு ஏரிகளும் பொதுமக்களுக்கு மூடப்பட்டவை. ஏரியும் அதன் நீர் அமைப்புகளும் மாநகராட்சியின் பொறுப்பு, சுற்றியுள்ள காடு மாநில வனத்துறையின் பொறுப்பு. ஒன்று குடிநீர்ப் பாதுகாப்பு, இன்னொன்று 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். இரண்டு பூட்டும் ஒரே கதவில் தொங்குகின்றன.

கரையோரத்தில் இருபது பேர் உட்கார்ந்து சாப்பிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கை கழுவுவது அந்தத் தண்ணீரில். குழந்தைக்கு அவசரம் என்றால் புதர் மறைவு. மிச்சச் சோறுக்கு நாய் வரும், நாய்க்குச் சிறுத்தை வரும். இவற்றையெல்லாம் பவாய் ஏரிக்கரையில் கண்ணால் பார்க்கலாம். நம் ஊர்க் குளத்தில் குளித்து வளர்ந்தவர்களுக்கு மூடிக் கிடக்கும் ஏரியைப் பார்த்தால் மனம் கேட்காது, எனக்குப் புரிகிறது. ஆனால் இங்கே கரையில் இறங்காமல் இருப்பதுதான் அந்த ஏரிக்கு நாம் செய்யும் மரியாதை.

அப்போ தூரத்துல இருந்தாவது பாக்க முடியாதா?

பார்க்கலாம். வனத்துறை அனுமதியோடு, வழிகாட்டியோடு போகும் நடைகள் உண்டு. ஷிலோண்டா பாதை அதில் நன்றாகத் தெரிந்த ஒன்று. ஓடையை ஒட்டியே போகும், குழந்தைகளும் நடக்கலாம். பூங்காவில் உள்ள இயற்கைத் தகவல் மையத்தில் முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்யுங்கள். திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. எத்தனையோ பேர் ஊரிலிருந்து வந்த விருந்தாளிகளோடு திங்கட்கிழமை வாசலில் நின்று திரும்பியிருக்கிறார்கள்.

மலபார் ஹில்லில் உள்ள தொங்கும் தோட்டத்துக்கும் ஒருமுறை இந்தக் கண்ணோடு போய் வாருங்கள். 1880களில் போட்ட அந்தப் பூங்காவின் புல்லுக்கு அடியில் இருப்பது நகரின் குடிநீர்த் தொட்டி. தண்ணீரும் பசுமையும் ஒரே இடத்தைப் பங்கிட்டுக்கொள்வது இந்த நகரத்தில் பழைய வழக்கம்.

சிறுத்தை அதுலதான் குடிக்குது, முதலை அதுலதான் கிடக்குது. அந்தத் தண்ணியையா நாம குடிக்கிறோம்?

ஆமாம். துளசி, விஹார், பவாய் மூன்றிலும் நன்னீர் முதலைகள் இருக்கின்றன. மான், சிறுத்தை எல்லாம் ஏரியில்தான் நீர் அருந்துகின்றன. கேட்டவர் முகம் சுளித்தார். ஆனால் நகரத்தின் குடிநீருக்கு மிகப் பெரிய ஆபத்து முதலையிடமிருந்து வருவதில்லை. மனிதக் கழிவு, சாயம், எண்ணெய், பூச்சிமருந்து ஆகியவற்றிடமிருந்து வருகிறது. காலராவும் டைபாய்டும் மஞ்சள் காமாலையும் மனிதக் கழிவு வழியாகப் பரவுபவை. விலங்குகளாலும் சில கிருமிகள் வரும். அதற்காகத்தான் தண்ணீரை வடிகட்டிக் குளோரின் சேர்த்து அனுப்புகிறார்கள்.

பவாயைப் பாருங்கள். அதுவும் 1890-ஐ ஒட்டிக் குடிநீருக்காகக் கட்டிய ஏரிதான். தண்ணீரின் தரம் சரியில்லை, தான்சாவும் வந்துவிட்டது என்று சில ஆண்டுகளிலேயே குடிநீர்ப் பயன்பாட்டைக் கைவிட்டார்கள். அதற்குப் பிறகு அதன் கரைகளைக் காக்க யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. இன்று சுற்றிலும் கோபுரக் கட்டடங்கள், ஏரியில் சாக்கடை, மேலே ஆகாயத்தாமரை. விஹாரும் பவாயும் பக்கத்துப் பக்கத்து ஏரிகள். ஒரே மழை, ஒரே பாறை.

பாண்டுப் காம்ப்ளெக்ஸும் பாண்டுப் பம்பிங் ஸ்டேஷனும் ஒன்னுதானா?

பெயரால் வரும் குழப்பம். பாண்டுப் காம்ப்ளெக்ஸ் இருப்பது பாண்டுப் ரயில் நிலையத்துக்கு மேற்கே, மலை அடிவாரத்தில், பூங்காவை ஒட்டி இருக்கிறது. வெளியூர் ஏரிகளின் தண்ணீரைச் சுத்திகரிக்கும் மிகப் பெரிய நிலையம் அது. நகரத்தின் குடிநீரில் பெரும்பங்கு அதன் வழியாகத்தான் போகிறது. அங்கேயும் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை.

பறவை பார்க்கிறவர்கள் காலையில் கேமராவோடு போகும் பாண்டுப் பம்பிங் ஸ்டேஷன் கிழக்கே, நெடுஞ்சாலைக்கு அந்தப்பக்கம், தாணே கழிமுகத்தை ஒட்டி இருக்கிறது. அது கழிவுநீர் தொடர்பான இடம். அதைச் சுற்றி அலையாத்திக் காடும் உப்பளமும் சேறும். குளிர்காலத்திலிருந்து மழை வரும்வரை பூநாரைகள் அங்கே கூட்டம் கூட்டமாக மேயும். 2015-ல் அந்தக் கழிமுகத்தின் சுமார் 1,690 ஹெக்டேரைப் பூநாரை சரணாலயமாக அறிவித்தார்கள். 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. பாண்டுப்பில் குடியிருப்பவர்களுக்கு மேற்கே நல்ல தண்ணீரும் சிறுத்தையும், கிழக்கே கழிவுநீரும் பூநாரையும்! இரண்டையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

சிறுத்தை மொத்தம் எத்தனை? ஏன் காட்டைவிட்டு வெளிய வருது, உள்ள சாப்பாடு இல்லியா?

தானியங்கி கேமரா வைத்து எடுத்த கணக்கெடுப்பில் 2015-ல் 35 சிறுத்தைகள், 2018-ல் பூங்காவிலும் ஆரே உள்ளிட்ட சுற்றுப் பகுதியிலும் சேர்த்து 47. உலகத்தில் சிறுத்தை நெருக்கம் மிக அதிகமான இடங்களில் இது ஒன்று. உள்ளே புள்ளிமான், மிளா, குரங்கு, காட்டுப்பன்றி எல்லாம் இருக்கின்றன. சாப்பாடு இல்லாமல் வெளியே வருகிறது என்பது சரியில்லை. காட்டின் ஓரத்தில் நாய் சுலபமாகக் கிடைக்கிறது, அதனால் ஓரத்துக்கு வருகிறது. நாய் ஏன் அங்கே இருக்கிறது? குப்பைக்காக. குப்பையைப் போட்டது யார் என்பது உங்களுக்கே தெரியும்.

2018-ல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை, இங்குள்ள சிறுத்தைகள் ஆண்டுக்குச் சுமார் 1,500 தெருநாய்களைத் தின்பதாகவும், அதனால் ஆயிரம் அளவில் நாய்க்கடிகள் தவிர்க்கப்படலாம் என்றும் மதிப்பிட்டது. மதிப்பீடுதான், துல்லியக் கணக்கில்லை. ஆனாலும் இங்கே யாருக்கு யார் உதவுகிறார்கள் என்று யோசிக்க வைக்கும் எண். காட்டுக்குள் வாழும் வார்லி மக்கள் வாக்தேவ், வாகோபா என்று புலியையும் சிறுத்தையையும் கும்பிடுகிறார்கள். நம் ஊர் எல்லைச் சாமி மாதிரி, பயமும் பாசமும் கலந்த உறவு.

எங்க சொசைட்டி கேமராவுல சிறுத்தை தெரிஞ்சுது. பிடிச்சுட்டுப் போய் வேற காட்டுல விடச் சொன்னா என்ன?

கேட்கத் தோன்றும். ஆனால் அது நிலைமையை மோசமாக்கும். 2000களின் தொடக்கத்தில், குறிப்பாக 2004-ல், இந்தப் பூங்காவைச் சுற்றி மனிதர்கள் மேல் நடந்த தாக்குதல்கள் உச்சத்துக்குப் போயின. பலர் இறந்தார்கள். வேறு இடங்களில் பிடித்த சிறுத்தைகளை இங்கே கொண்டுவந்து விட்டது அதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். தன் இடத்தை இழந்த சிறுத்தை வழி தெரியாமல் அலையும். அது காலி செய்த இடத்துக்கு வேறொரு சிறுத்தை வரும். பிடித்து இடம் மாற்றும் வழக்கத்தைக் குறைத்து, குடியிருப்புகளில் பேசிப் புரியவைக்கும் வேலை 2011-க்குப் பிறகு முறையாக நடந்தது. தாக்குதல்களும் வெகுவாகக் குறைந்தன.

கேமராவில் நடந்துபோவது தெரிந்தால் அது ஆபத்து என்று பொருளில்லை. காட்டோரக் குடியிருப்பில் அது நேற்றும் போயிருக்கும், நாளையும் போகும். குப்பைத் தொட்டியை மூடி வையுங்கள், இருட்டில் குழந்தைகளைத் தனியாக அனுப்பாதீர்கள், பாதையில் விளக்கு போடச் சொல்லுங்கள், வெளியில் உட்காரும் பெரியவர்கள் பக்கத்தில் துணைக்கு ஒருவர் இருக்கட்டும். சிறுத்தை எங்காவது உள்ளே மாட்டிக்கொண்டால் வனத்துறை உதவி எண் 1926-க்குச் சொல்லிவிட்டு, கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேடிக்கை பார்க்கக் கூடும் கூட்டத்தால்தான் பெரும்பாலும் விபரீதம் நடக்கிறது.

எங்க திருநெல்வேலி பக்கம் குளத்தைத் தூர் வாருறாங்க. இங்க வாரினா நிறையத் தண்ணி நிக்குமே, ஏன் வாரல?

நல்ல கேள்வி, விவசாயக் குடும்பத்துப் பெரியவர் கேட்டது. நம் பக்கத்துக் குளங்களுக்கு உழுத நிலத்திலிருந்து மண் கரைந்து வரும். சில ஆண்டுகளிலேயே மேடாகிவிடும். இங்கே நீர் வரும் சரிவு காடு. வேரும் சருகும் மண்ணைப் பிடித்து வைப்பதால் வண்டல் மெதுவாகத்தான் சேரும். வார வேண்டுமென்றால் காட்டுக்குள் சாலை போட்டு லாரி ஓட்ட வேண்டும். அந்தச் சாலையே ஏரிக்கு மண்ணைக் கொண்டுவரும்.

சரிவைப் பிடித்திருக்கும் செடிகளில் முக்கியமானது கார்வி. நம் நீலக்குறிஞ்சிக்குச் சொந்தக்காரச் செடி. குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, கார்வி எட்டு ஆண்டுக்கு ஒருமுறை. இங்கே 2008, 2016, 2024-ல் மலை முழுக்க ஊதாவாகப் பூத்தது. அடுத்தது 2032. மூணாறுக்குப் போய்க் குறிஞ்சி பார்க்க முடியாதவர்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரி நிரம்பி மறுகால் பாயுதுன்னு பேப்பர்ல போடுறாங்க. அத்தனையும் கடலுக்குத்தானே வீணாப் போகுது?

விஹார் நிரம்பி வழியும் தண்ணீர்தான் மீட்டி ஆற்றின் தொடக்கம். பவாயின் மறுகாலும் அதில் சேர்கிறது. சுமார் 18 கிலோமீட்டர் ஓடி, விமான நிலைய ஓடுபாதைக்கு அடியில் நுழைந்து, குர்லா, பாந்திரா–குர்லா வளாகம், தாராவி தாண்டி மாஹிம் கழிமுகத்தில் கலக்கிறது. தாராவியில் நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் அதே மீட்டிதான். ஆண்டு முழுக்க அதில் ஓடுவது பெரும்பாலும் சாக்கடையும் பட்டறைக் கழிவும். மழைக்காலத்தில் மேலே இருந்து வரும் மறுகால் தண்ணீர்தான் அந்த ஆற்றை ஒருமுறை கழுவிவிடுகிறது. கழிமுகத்தின் அலையாத்தி மரங்களுக்கும் நல்ல தண்ணீர் வேண்டும். அதை வீண் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் கேள்வியின் இன்னொரு பாதியும் உண்மை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. கடலில் ஏற்றம், மீட்டியின் இரு கரையிலும் ஆக்கிரமிப்பு. மேலே நிரம்பிய ஏரியின் மறுகாலும் சேர்ந்து வந்தது. குர்லாவிலும் கலினாவிலும் தாராவியிலும் வீடுகள் மூழ்கின. மழையின் தொடக்கத்தில் ஏரியில் இடம் இருக்கும்போது அது வெள்ளத்தை வாங்கிக்கொள்கிறது. நிரம்பிய பிறகு வாங்க இடமில்லை. அதற்கு மேல் மழையின் வேகத்தைத் தணிக்க மலையில் உள்ள காடு மட்டும்தான் இருக்கிறது. அதுவும் இல்லாமல் சிமெண்ட் சரிவாக இருந்திருந்தால் அன்றைக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

கன்ஹேரி குகைக்கும் இந்தத் தண்ணிக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

குழாயால் இல்லை, அறிவால் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட குகைகளைப் புத்தத் துறவிகள் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக இந்தக் கரும்பாறையில் குடைந்து வாழ்ந்தார்கள். குகை வாசலுக்குப் பக்கத்தில் பாருங்கள், பாறையில் வெட்டிய தொட்டிகள் இருக்கும். மேலே பாறைச் சரிவில் விழும் மழையைச் சிறு வாய்க்கால்கள் இந்தத் தொட்டிகளுக்குக் கொண்டுவரும். நான்கு மாத மழையை எட்டு மாதத்துக்குச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் சிலையோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தொட்டிகளைப் பார்க்காமல் வராதீர்கள்.

முன்னாடி உள்ள எத்தனையோ பேர் குடிசை போட்டு இருந்தாங்க. அவங்களை மட்டும் துரத்திட்டு, சுத்திப் பெரிய பில்டிங் கட்ட விட்டது நியாயமா?

நியாயமில்லை, அதைச் சொல்லத் தயங்க மாட்டேன். பூங்காவின் ஓரங்களில் இருந்த ஆக்கிரமிப்புகளை அகற்ற 1997-ல் பம்பாய் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. தகுதி உள்ளவர்களுக்குச் சண்டிவலியில் மாற்று வீடு என்று திட்டம் வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதில் அலைக்கழிந்தன. வேலை ஓரிடம், வீடு ஓரிடம் என்று ஆனவர்கள் பலர். காட்டுக்குள் குடியிருப்பு கூடாது என்ற முடிவு சரி என்று நினைக்கிறேன். அது நடந்த விதமும், ஏழைக்கு ஒரு வேகம் வசதியானவருக்கு ஒரு வேகம் என்று இருந்ததும் சரியில்லை.

ஆதிவாசிப் பாடாக்களை, அதாவது அவர்களின் சிற்றூர்களை, இதோடு சேர்க்காதீர்கள். வார்லி, மகாதேவ் கோலி போன்றவர்கள் பூங்காவுக்கும் அணைக்கும் முந்தியே இங்கே இருந்தவர்கள். அவர்களில் பல பாடாக்கள் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் நெடுங்காலம் போராடியிருக்கின்றன. நகரத்துக்கே தண்ணீர் கொடுத்த ஏரிகளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு குடத்தோடு நடப்பது கொடுமை. காட்டைக் காப்பதைப் பற்றிப் பேசும்போது அவர்களையும் உட்காரவைத்துத்தான் பேச வேண்டும்.

ரெண்டரை சதவீதம்னு நீங்களே சொன்னீங்க. அந்தக் குழாயை மூடிட்டு, ஏரியை டூரிஸ்ட் இடமாக்கினா காசாவது வருமே?

இதைத்தான் கடினமான கேள்வி என்பேன். கேட்டவர் காட்டுக்கு எதிரி இல்லை, கணக்குப் போட்டுப் பார்த்தவர். நகரம் நாளொன்றுக்கு வாங்கும் தண்ணீர் 400 கோடி லிட்டரை ஒட்டி இருக்கிறது. அதில் இந்த இரண்டு ஏரிகளின் பங்கு இல்லாவிட்டாலும் சமாளித்துவிடலாம் என்று பொறியாளர் ஒருவர் காகிதத்தில் காட்ட முடியும்.

ஆனால் பவாய்க்கு என்ன ஆனது என்று மேலே எழுதியிருக்கிறேன். குடிநீர் ஏரி என்ற பெயர் போன நாளிலிருந்து அதைக் காக்க ஒரு வலுவான காரணம் குறைந்துபோனது. துளசியும் விஹாரும் தரும் தண்ணீர் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தின் பெயரால் மூடிக் கிடக்கும் நிலம் பெரிது. படகுத்துறை, உணவகம், கண்ணாடிப் பாலம் என்று எவராவது திட்டம் கொண்டுவந்தால், "இது குடிக்கிற தண்ணீர்" என்ற ஒரே பதில் எல்லா வாதத்தையும் நிறுத்திவிடும். சிறுத்தைக்காக என்று சொன்னால் பாதிப் பேர் கேட்க மாட்டார்கள். தண்ணீருக்காக என்றால் எல்லோரும் கேட்பார்கள். அதனால் அந்தக் குழாய் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

தூரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளியூர் ஏரிகளின் தண்ணீர் நூறு கிலோமீட்டர் அளவுக்குப் பயணம் செய்து வருகிறது. வழியில் ஒரு பெரிய குழாய் உடைந்தால் நமக்குத் தெரியும், சொசைட்டியில் டேங்கர் வரிசை கட்டும். நகரத்துக்குள்ளேயே இருக்கும் இரண்டு ஏரிகளை அப்படிப்பட்ட நாளில் வைத்துத்தான் மதிக்க வேண்டும்.

இப்போ பார்க்குக்கு அடியில டன்னல் போடுறாங்களே, ஏரி வத்திப்போகாதா?

இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. கோரேகாவ்–முலுண்ட் இணைப்புச் சாலையில் பூங்காவுக்கு அடியில் சுமார் 4.7 கிலோமீட்டர் இரட்டைச் சுரங்கம். தாணே–போரிவ்லி திட்டத்தில் 10 கிலோமீட்டருக்கு மேல் இரட்டைச் சுரங்கம். முலுண்டிலிருந்து கோரேகாவ் போக ஒன்றரை மணி நேரம் ஆட்டோவில் உட்கார்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும், நானும் அதில் ஒருவன். காட்டின் மேலே சாலை போட்டு அதை இரண்டாக வெட்டுவதைவிட அடியில் போவது எவ்வளவோ மேல். ஏரிகளுக்குப் பாதிப்பு வராது என்று மாநகராட்சி சொல்கிறது.

சொன்னதை அளந்து பார்க்க வேண்டும். இது எரிமலைக் குழம்பு இறுகிய பாறை. அதில் விரிசல்களும் அடுக்குகளும் உண்டு, மழைநீர் அவற்றின் வழியே இறங்கி ஊற்றாக வெளியே வரும். சுரங்கம் அப்படி ஒரு விரிசலைக் கடந்தால் தண்ணீர் சுரங்கத்துக்குள் கசியும். அந்த அளவுக்கு ஓடைக்குக் குறையும். தேசியப் பூங்காவுக்குள் வரும் நீரையோ வெளியே போகும் நீரையோ அனுமதியில்லாமல் திருப்பவோ தடுக்கவோ கூடாது என்று மேலே சொன்ன 1972 சட்டத்தின் 35-ஆம் பிரிவே சொல்கிறது. சுரங்க வாய் வரும் இடங்களில் வெட்டப்படும் மரங்களும், தோண்டியெடுத்த கல்லும் மண்ணும் எங்கே கொட்டப்படுகின்றன என்பதும் தனியாகக் கவனிக்க வேண்டியவை.

என் வேண்டுகோள் இதுதான்: சுரங்கத்துக்கு மேலே உள்ள ஓடைகளிலும் பாடாக்களின் கிணறுகளிலும் மழைக்கு முன்னும் பின்னும் நீர்மட்டத்தை அளந்து, அந்த அளவுகளைப் பொதுவில் போட வேண்டும். வேலை தொடங்குமுன் எடுத்த அளவு இருந்தால்தான் பின்னால் குறைந்ததா இல்லையா என்று சொல்ல முடியும். உங்கள் பகுதி மாநகராட்சி உறுப்பினரைப் பார்க்கும்போது சாலைக் குழியைப் பற்றிக் கேட்பதோடு இந்த அளவுகளையும் கேளுங்கள். தமிழிலோ இந்தியிலோ மராத்தியிலோ, எழுத்தில் கேளுங்கள்.